சின்ன மேடு

மாலை ஆறு மணிக்குக் கூட்டோட்டம் தொடங்கியதும் குடியிருப்பு முழுக்க அதிர ஆரம்பிக்கும். மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் எதிர்க் கட்டடத்திலும் ஓட்டப் பயிற்சிக்கான மண்பட்டைகள் ஒரே வேகத்தில் சுழலும். சுவரில் காது வைத்தால், பெருங்கூட்டம் ஒன்று ஒரே ஆளின் காலால் ஓடுவதுபோல் இருக்கும். சற்று நேரத்தில் எல்லோரும், பட்டையில் இருந்தபடியே, குளக்கரை வளைவுக்கு வந்து சேர்வார்கள். அங்கே, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குக் கட்டடம் அமைதியாகிவிடும். பிறகு மறுபடியும் அதிரும்.

நறுமுகையின் அம்மா சுகன்யா அந்த அமைதிக்காகத் தினமும் காத்திருப்பாள். அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பாள். அமைதி வந்து போனதும், "தாண்டிட்டான்," என்று சொல்லிவிட்டு மறுபடி குழம்பைக் கிளறுவாள்.

அன்றும் அப்படித்தான். நறுமுகை பட்டையிலிருந்து இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் காலடி கேட்டது. வலது கால் அழுத்தி விழுந்தது. இடது கால் சற்றுத் தாமதித்து, படியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அவள் அண்ணன் பொழிலன் அப்படித்தான் படியேறுவான். அவன் இறந்து மூன்று வருடமாகிறது.

சுகன்யா போய்க் கதவைத் திறந்தாள். மேல்வீட்டு டேனியல் தயிர்ப் பாக்கெட்டோடு நின்றிருந்தார்.

"என்னங்க்கா, ஏதாச்சும் வேணுங்களா?"

"இல்ல தம்பி. சும்மா பாத்தேன்."

"தெனமும் சும்மாவேதான் பாக்கறீங்க. ஒரு நாளைக்காவது காப்பி குடிச்சுட்டுப் போன்னு சொல்றீங்களா?" டேனியல் சிரித்துக்கொண்டே, இறந்தவனின் காலால் மேலே ஏறிப் போனார்.

கோவையில் அப்போது வெளியே ஓடுகிறவர்கள் யாருமில்லை. வருடத்தில் பெரும்பகுதி வெயில் அதற்கு இடம் கொடுக்காது. மார்கழிக் காலையில் மட்டும் ஓடலாம். ஆனால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஒரு காலத்தில், வெளியில் ஓடுவது நல்லதா டிரெட்மில்லில் ஓடுவது நல்லதா என்று ஜனங்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். டிரெட்மில்லில் தரை தானாகவே பின்னால் போய்விடுகிறது, எதிர்க்காற்று இல்லை, மேடு பள்ளம் இல்லாததால் கணுக்காலுக்கு வேலையே இல்லை என்பார்கள் ஒரு சாரார். முட்டிக்கு இதம், தூசி கிடையாது, நாய் துரத்தாது என்பார்கள் மறு சாரார். மண்பட்டை வந்து இரண்டு பேர் வாயையும் அடைத்தது.

மண்பட்டையின் பரப்பில் அரிசியளவு முனைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே எழும், அமிழும். கால் வைக்கும் இடத்தில் கூழாங்கல் வேண்டுமென்றால் கூழாங்கல், சேறு வேண்டுமென்றால் சேறு. எங்கே எழ வேண்டும், எங்கே அமிழ வேண்டும் என்று அதற்குச் சொல்கிறவர் முன்னோடி. முன்னோடி உணர்காலணி அணிந்து நிஜப் பாதையில் ஒருமுறை ஓடுவார். அவர் பாதம் உணர்ந்ததெல்லாம் பதிவாகும். காதுக்குள் ஒரு அலுவலர் பேசிக்கொண்டே வருவார். ஓட்டம் எங்காவது பிசகினால் காரணம் கேட்பார். முன்னோடி 'கல்' என்றோ 'பள்ளம்' என்றோ பதில் சொல்வார். அதன்பின் ஊரே அவர் காலடியின் மேல் கால் வைத்து ஓடும்; நாளடைவில் நடையும் அவருடையதாகிவிடும்.

பொழிலன் ஒரு முன்னோடி. குளக்கரையைச் சுற்றி அவன் ஓடிய தடம்தான் ஊரிலேயே சிறந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் அதைக் கட்டாயமாக்கினார்கள். பதிவு முடிந்த சில வாரங்களில், அதே குளக்கரையில், அதே வளைவுக்குப் பக்கத்தில் அவன் விழுந்து இறந்தான். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள். தடத்துக்கு அவன் பெயரையே வைத்தார்கள்.

சுகன்யா மட்டும் ஒருநாளும் மண்பட்டையில் ஏறியதில்லை. வீட்டில் பட்டை பொருத்த வந்தவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

"என்ற பையன் ஓடுன எடமுங்க அது. அவன் மேல நான் எப்பிடிக் காலை வெக்கறது?" என்று சொல்லிவிட்டாள். தூங்குகிறவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி, பட்டைமேல் சேலை முந்தானை பட்டால்கூடத் தொட்டு ஒற்றிக்கொள்வாள்.

நறுமுகை பகலில் மண்பட்டை நிறுவனத்தின் அளவீட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். மாலைக் கல்லூரியில் உடலியக்கம் படித்தாள். 'வெளியோட்டம், பட்டையோட்டம் இரண்டையும் ஒப்பிடுக' என்று அங்கே ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் பழைய கட்டுரைகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். நறுமுகைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. எதையும் தானே செய்து பார்க்காமல் அவளுக்கு நம்பிக்கை வராது. செய்து பார்த்தாலும், சரியாகத்தான் செய்தோமா என்ற சந்தேகம் போகாது.

மார்கழி பிறந்ததும் ஒரு காலை குளக்கரைக்குப் போனாள்.

பனி விலகிக்கொண்டிருந்தது. தண்ணீரோரம் நாரைகள் நின்றன. கரையில் ஒரு மனிதர்கூட இல்லை. ஓட ஆரம்பித்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பட்டை காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். இந்தத் தரை எதுவும் செய்யவில்லை. ஒவ்வொரு அடியையும் அவளேதான் தள்ள வேண்டியிருந்தது. பின்தொடை விரைவில் சூடேறியது. காற்று ஒரு பக்கமாக அடித்தது. வளைவுகளில் உடம்பு தானாகச் சாய்ந்தது. மற்றபடி வழி முழுக்க அவள் பாதத்துக்குத் தெரிந்த வழி. இன்ன இடத்தில் வேர் என்று கால் நினைத்தது. அங்கே வேர் இருந்தது. சரிவு என்று நினைத்த இடத்தில் சரிவு. முன்பின் வந்திராத இடம் இப்படி மனப்பாடமாக இருந்தது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பிறத்தியார் வீட்டு இருட்டில் தடுமாறாமல் நடப்பதுபோல.

வளைவு வந்தது. இங்கே அந்தச் சின்ன மேடு இருக்கும். பட்டையில் தினமும் இந்த இடத்தில்தான் கால் தயங்கும். மூச்சு நிற்கும். ஓர் அடி இடதுபக்கம் விலகி, மறுபடி ஓட்டம் சீராகும்.

அவள் கால் தயங்கியது. மூச்சு நின்றது. இடதுபக்கம் விலகினாள்.

குனிந்து பார்த்தாள். மேடு இல்லை.

தரையைக் கையால் தடவினாள். தண்ணீர்ப் பாட்டிலைப் படுக்கவைத்தாள். அது எந்தப் பக்கமும் உருளவில்லை. மழையில் கரைந்திருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த இடம் முழுக்கப் பழைய சிமெண்ட் பலகை பாவிய தரை. கரைய அங்கே ஒன்றுமில்லை. தான்தான் இடத்தைத் தவறாகக் கணித்துவிட்டோமோ என்று திரும்பிப் போய் மறுபடி ஓடிவந்தாள். அதே பலகையில் கால் தயங்கியது. மேடில்லை என்று தெரிந்தபின்னும் தயங்கியது. நிற்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தபோது, கால் நிற்காமல் நெஞ்சு நின்றதுபோல் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று ஒரு படி தவறிக் கீழே விழுந்து, அவசரமாக எழுந்துகொண்டது.

அவள் அந்தப் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கரையில் நாரை ஒன்று ஒற்றைக் காலில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அளவீட்டுப் பிரிவின் தலைவர் ஃபிரோஸ். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் ஆள்.

"வெளியில ஓடுனியா? நாயி கீயி தொரத்துச்சா?"

"சார், வளைவுல மேடே இல்லீங்க சார். பொழிலன் தடத்தோட மூலப்பதிவைக் கேக்கணும்."

"அண்ணன் குரலைக் கேக்கணும்னா நேராவே கேளும்மா. மேட்டை எதுக்கு இழுக்கறே?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பதிவைத் தேடி எடுத்தார்.

அறைக்குள் பொழிலன் ஓடினான். காலடி, மூச்சு, துணி உரசும் சத்தம். வளைவு நெருங்கியது. காலடி தடுமாறியது. மூச்சு அறுந்தது. பிறகு அந்தப் பழைய அலுவலரின் குரல், "பொழிலன், என்னாச்சு?"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாம எதுக்கு நின்னீங்க? எதையாச்சும் பதியணுமில்ல?"

"அது... ஒரு சின்ன மேடுங்க."

"சரி. மேடு."

ஓட்டம் தொடர்ந்தது. நறுமுகை பதிவை நிறுத்தினாள்.

அவன் ஒண்ணுமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பைக்கிலிருந்து விழுந்து முழங்கை கிழிந்து வந்த அன்றும் அதைத்தான் சொன்னான். நெஞ்சில் ஏதோ பிசகியிருக்கிறது. சொன்னால் முன்னோடி வேலை போய்விடும். அதனால் மேடு என்றான். மேடு தடத்தின் வரைபடத்தில் ஏறியது. பட்டையின் முனைகள் அங்கே எழுந்தன. ஊரே அதன்மேல் தினமும் தடுக்கி, மூச்சை நிறுத்தி, விலகியது.

"வெயில்ல சாகலை சார் அவன்," என்றாள்.

ஃபிரோஸுக்குக் கேலி எதுவும் வரவில்லை. தன் மணிக்கட்டிலிருந்த நடைமானியைப் பார்த்தார். அது பச்சையாக இருந்தது. நடைமானி ஒருவரின் பட்டையோட்டத்தை முன்னோடியின் ஓட்டத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, முழுப்பொருத்தம். விலகினால் சிவப்பு. சிவப்பு வந்தால்தான் மருத்துவமனையில் இதயத்தைப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இப்போதெல்லாம் ஜாதகத்தோடு நடைப்பொருத்தமும் கேட்கிறார்கள்.

"வளைவுல தயங்காதவங்களுக்கு என்ன வரும் சார்?"

"செவப்பு வரும்." அவர் மெதுவாகச் சொன்னார். "டாக்டருங்க திரும்பத் திரும்ப ஓடச் சொல்லிப் பழக்குவாங்க. தயங்கக் கத்துக்கிட்டாச் சரியாயிரும்."

"அப்ப நெசமாவே நெஞ்சு கோளாறா இருக்கறவங்களுக்கு?"

"பச்சை."

கண்ணாடிக்கு அப்பால் சோதனைக் கூடத்தில் வரிசையாக ஆட்கள் பட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வளைவு வந்ததும் வரிசை முழுக்க ஒரே சமயத்தில் தயங்கி இடதுபக்கம் விலகியது.

நறுமுகை அன்றே மருத்துவமனைக்குப் போனாள். அவள் அப்பாவும் நாற்பதைத் தாண்டாதவர். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து இறந்துவிட்டார். அதையும் வெயில் என்றுதான் சொன்னார்கள். அண்ணனிடம் இருந்தது தன்னிடமும் இருக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி. வளைவில் நிற்பது பட்டை கற்றுக்கொடுத்ததா, ரத்தத்தில் வந்ததா?

மருத்துவர் அவள் நடைமானியைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"முழுப்பொருத்தம் வந்திருக்கு. இவ்வளவு சுத்தமான பொருத்தத்தை நான் பாத்ததே இல்ல அம்மணி. உங்களுக்கு எதுக்கு டெஸ்ட்?"

"ஓடும்போது நெஞ்சுல ஒரு மாதிரி விழுதுங்க."

"எங்கே, வளைவுலயா? அங்க எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருக்கு."

மேட்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. எல்லோருக்கும் சில மாதங்களில் பழக்கம் விட்டுப்போகும். பிறகும் நிற்கிற நெஞ்சு யாருடையதோ அவர்தான் நோயாளி. அவள் உட்பட எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிடும். ஆனால் எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. நறுமுகை ரசமட்டம் வைத்துப் படம் எடுத்துக் கொடுத்தாள். மண்பட்டையின் வரைபடம் ஏற்க மறுத்தது. அது அளவுகோலை நம்பாது. கால் சொல்வதைத்தான் நம்பும். இன்னொரு முன்னோடி அந்த இடத்தைத் தயங்காமல் கடந்தால்தான் மேடு அழியும்.

ஃபிரோஸ் நல்ல ஓட்டக்காரர்களாகப் பார்த்து அனுப்பினார். கல்லூரி வீராங்கனை ஒருத்தி, ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், மலையேறுகிறவர் ஒருவர். மார்கழிப் பனியில் ஒவ்வொருவராக உணர்காலணி அணிந்து ஓடினார்கள். ஒவ்வொருவரும் அந்தப் பலகையில் தயங்கினார்கள். வீராங்கனை மூச்சு வாங்கக் கரையிலேயே அழுதாள். "நான் நிக்கலைங்க. யாரோ பிடிச்சு நிறுத்தறாங்க," என்றாள்.

"பட்டையில காலே வெக்காத ஆளு வேணும்," என்றார் ஃபிரோஸ். "இந்த ஊர்ல அப்படி யாரு இருக்கா? கொழந்தைங்களே நடைவண்டிக்குப் பதிலா இதுலதான் பழகுது."

நறுமுகைக்கு ஒருவரைத் தெரியும்.

"நான் ஓடறதா?" சுகன்யா சிரித்தாள். "பஸ்ஸுக்கே ஓடமாட்டேன் நானு."

"ஓட வேண்டாம்மா. நடந்தாப் போதும். அந்த எடத்துல நிக்காம நடக்கணும், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

நறுமுகை சொன்னாள். மேடு இல்லாததையும், அது எப்படி வந்தது என்பதையும் சொன்னாள். சுகன்யா வெகுநேரம் கையிலிருந்த பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"மேட்டை எடுத்துட்டா, சாயங்காலம் அவன் நிக்க மாட்டானா?"

"மாட்டான்."

"படியில?"

"மேடு தப்புன்னு ஆயிட்டா தடத்தையே மாத்திருவாங்கம்மா. கொஞ்ச நாள்ல டேனியல் அண்ணன் அவரு காலுலயே ஏறுவாரு."

சுகன்யா பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "உன்ற நெஞ்சைப் பத்தி எதையோ மறைக்கறே நீ."

நறுமுகை பையிலிருந்து உணர்காலணியை எடுத்து வைத்தாள்.

"சரி வா," என்றாள் சுகன்யா. "செருப்பு எனக்குச் சரியா இருக்குமான்னு பாரு மொதல்ல."

மறுநாள் காலை இருவரும் குளக்கரையில் இறங்கினார்கள். உணர்காலணி சுகன்யாவுக்குக் கொஞ்சம் பெரிது. நுனியில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். காதில் ஃபிரோஸின் குரல், இருவருக்கும் கேட்கும்படி. "அம்மா, நிதானமா வாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

"நீ காப்பி குடிச்சியா சாமி?"

"குடிச்சேனுங்கம்மா. நீங்க நடங்க."

சுகன்யா சந்தைக்குப் போகிறவளைப்போல் கை வீசி நடந்தாள். அந்த நடையில் பொழிலனின் சாயலே இல்லை. நறுமுகைக்கு நம்பிக்கை வந்தது. பதிவில் குழப்பம் வராமலிருக்க அவள் நன்றாகப் பின்தங்கி வந்தாள். மகன் இறந்த இடத்தை அம்மா இதுவரை பார்த்ததில்லை. எந்தப் பலகை என்று நறுமுகை சொல்லவும் இல்லை. தெரிந்தால் நின்றுவிடுவாள் என்று மறைத்திருந்தாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தாள்.

வளைவு தெரிந்தது. அம்மா வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தாள். தூரம் அதிகமாகிவிட்டதே என்று நறுமுகை சற்று ஓடினாள். சிமெண்ட் பலகைகளின் மேல் அவள் காலடி எழுந்தது. வலது கால் அழுத்தி. இடது கால் தாமதித்து, விளிம்பைத் தேய்த்து.

சுகன்யா நின்றாள். அந்தப் பலகையில், மிகச் சரியாக அந்த இடத்தில். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஓடிவருகிறவனுக்கு வழி விடுவதற்காக, ஓர் அடி இடதுபக்கம் விலகினாள்.

"என்னாச்சுங்கம்மா?" காதில் ஃபிரோஸ் பதறினார். "எதுக்கு நின்னீங்க?"

சுகன்யா திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யார் இருப்பார்கள் என்று தெரிந்தவள்போல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி."

"கால்ல ஏதாச்சும் தட்டுச்சுங்களா? அங்க ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஆமா," என்றாள் அவள். "இருக்குது."

ஃபிரோஸ் பெருமூச்சு விடுவது கேட்டது. பட்டையில் காலே வைக்காத ஒருத்தியின் கால் சொல்லிவிட்டது. இனி அதை யாராலும் அழிக்க முடியாது.

அப்போதுதான் நறுமுகை தானும் நின்றுவிட்டிருப்பதை உணர்ந்தாள். பலகைக்கு அவள் இன்னும் வந்து சேரவில்லை. வளைவு இன்னும் முன்னால் இருந்தது. இங்கே தயங்க எந்தக் காரணமும் இல்லை. பட்டை அவளை ஒருநாளும் இந்த இடத்தில் நிறுத்தியதில்லை. உள்ளே ஏதோ ஒன்று ஒரு படி தவறிக் கீழே விழுந்தது. எழுந்துகொள்ள இந்தமுறை நேரமெடுத்தது.

அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். "என்ன கண்ணு? ஏன் நின்னுட்டே?"

மணிக்கட்டில் நடைமானி பச்சையாகவே இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் நறுமுகை.